ராகுவுக்கு வயிறு கிடையாது

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

 

நான் அறிவியல் புனைகதை பத்திப் பேசும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் இதே கேள்வியை அனுப்பிடுறீங்க. "இவ்வளவு ரோபோ, இவ்வளவு விண்கலம் படிக்கிறீங்களே, உங்களுக்குச் சாமி நம்பிக்கை உண்டா இல்லையா?" இதுவரைக்கும் சிரிச்சு மழுப்பிட்டேன். இன்னிக்குப் பதில் சொல்லிடலாம்னு உட்கார்ந்திருக்கேன். ஆனா உண்டு, இல்லைன்னு ஒரே வார்த்தையில அது வராது. அதுக்கு எங்க வீட்டுல நடந்த ஒரு கிரகணச் சண்டையை முதல்ல சொல்லணும்.

நான் புதுச்சேரிதான். புதுச்சேரின்னதும் உங்களுக்கு மஞ்சள் சுவரும் கடற்கரையும் ஞாபகம் வரும். எங்க ஊர் அது இல்லை. பாகூர் ஏரிக்கரையை ஒட்டி இருக்கிற கிராமம், சுத்தி வயல். பாகூர் பெயரைச் சொன்னா கல்வெட்டு படிக்கிறவங்களுக்கு உடனே ஒரு செப்பேடு ஞாபகம் வரும். 9ஆம் நூற்றாண்டுல, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துல, இங்க இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூணு ஊர்களைத் தானமாக் கொடுத்த சேதி அதுல இருக்கு. அதாவது ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல ஆகுது, இந்த ஊர்ல உட்கார்ந்து படிக்கிறதுக்குன்னே நிலம் ஒதுக்கி. இதை நான் பெருமைக்குச் சொல்லலை. நான் அந்த ஊர்ல பிறந்து பத்தாவது படிக்கிற வரைக்கும் இதைப் பத்தி யாரும் எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

எங்க ஆயா, அப்பாவோட அம்மா, வில்லியனூர்ல பிறந்தவங்க. திருக்காமீசுவரர் கோயில் தேர் அன்னிக்கு எங்க இருந்தாலும் அங்க போயிடணும் அவங்களுக்கு. பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்துல கவர்னரே வந்து அந்தத் தேரோட வடம் பிடிப்பார். இன்னிக்கும் துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறாங்க. தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் நின்னு பார்த்துட்டு, திரும்பும்போது அதே ஊர்ல இருக்கிற மாதா கோயிலுக்கும் போய் ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டுத்தான் பஸ் ஏறுவாங்க. சின்ன வயசுல நான் கேட்டிருக்கேன், "ஆயா, ரெண்டுல எது நிஜ சாமி?" அவங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே, இட்லி நிஜமா தோசை நிஜமான்னு கேட்ட பையனைப் பார்க்கிற மாதிரி.

இந்த வீட்டுக்குள்ளதான் சுஜாதா வந்தார். நான் ஒன்பதாவது படிக்கும்போது நூலகத்துல எடுத்தது 'என் இனிய இயந்திரா'. புத்தகம் படிக்கிற ரோபோ நாய் ஜீனோ, எல்லாரும் கும்பிடற தலைவன் ஜீவா. பிள்ளை பெத்துக்கிறதுக்குக்கூட அரசாங்கத்துக்கிட்ட அனுமதி வாங்கணும். கதை முடிஞ்சு நாப்பது வருஷம் ஆகப்போகுது, அதனால சொல்றதுல தப்பில்லை: அந்த ஜீவாங்கிற ஆளே கிடையாது. ஒளியில காட்டற பிம்பம். ஜனங்க ஒரு பிம்பத்தைத்தான் கும்பிட்டுக்கிட்டு இருந்தாங்க.

அந்தப் பக்கத்தைப் படிச்சப்போ எனக்கு மண்டைக்குள்ள பல்பு எரிஞ்சுது. ஓஹோ, அப்ப எல்லாமே இப்படித்தானா? கோயில்ல இருக்கிறதும் ஒரு ஜீவாதானா? சுஜாதா அதைச் சொல்லவே இல்லை. அவர் ஸ்ரீரங்கத்துல வளர்ந்தவர், ஆழ்வார்களை எளிமையா அறிமுகப்படுத்திப் புத்தகம் எழுதினவர், அதே கையால மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்துக்கும் வேலை பார்த்தவர். ஆனா பதினாலு வயசுப் பையனுக்கு எழுத்தாளர் என்ன சொன்னார்ங்கிறது முக்கியமா? தனக்கு என்ன வேணுமோ அதை எடுத்துக்குவான். நான் எடுத்துக்கிட்டது ஒரு சுத்தியல்.

அதுக்கப்புறம் எதைப் பார்த்தாலும் சுத்தியல்தான். 'எந்திரன்'ல ஒரு காட்சி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சிட்டிக்கிட்ட கடவுள் இருக்காரான்னு கேட்பாங்க. கடவுள்னா நம்மைப் படைச்சவர்னு விளக்கம் சொன்னதும், அப்படின்னா என்னைப் படைச்சது வசீகரன், அதனால கடவுள் இருக்கார்னு சிட்டி முடிச்சிடும். தியேட்டரே கைதட்டுச்சு. நானும் தட்டினேன். அது எவ்வளவு விஷமமான பதில்னு புரிய எனக்குப் பல வருஷம் ஆச்சு. நாத்திகனும் சிரிக்கலாம், ஆத்திகனும் சிரிக்கலாம். அந்தப் படத்து வசனத்துல சுஜாதாவோட பங்கு உண்டு. இப்ப யோசிச்சா அது அவர் கை மாதிரிதான் தெரியுது.

சரி, சண்டைக்கு வருவோம்.

2019 டிசம்பர் 26. வளையச் சூரிய கிரகணம். கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் முழு வளையம் தெரிஞ்சுது. எங்களுக்குப் பகுதிதான், ஆனா பெரிய பகுதி. காலையில எட்டு மணிக்கு மேல ஆரம்பிச்சு ஒன்பதரை வாக்குல உச்சம். நான் சென்னையிலிருந்து கிரகணக் கண்ணாடி நாலு வாங்கிட்டு முதல் நாளே ஊருக்குப் போயிட்டேன். அக்கா ஆறு மாசக் கர்ப்பம், எங்க வீட்டுலதான் இருந்தா.

ஆயா காலையில ஏழரைக்கே எல்லாத்தையும் முடிச்சிட்டாங்க. இட்லி சாப்பிட்டாச்சு, மிச்சம் இருந்த மாவுல தர்ப்பையைப் போட்டாச்சு, உள்ரூம் ஜன்னலைச் சாத்தித் துணி தொங்கவிட்டாச்சு. அக்காவை உள்ள உட்கார வெச்சு, தானும் பக்கத்துல பாய் போட்டு உட்கார்ந்துட்டாங்க. கத்தி தொடக் கூடாது, ஊசி தொடக் கூடாது, தண்ணி குடிக்கக் கூடாது. வெளிச்சம் பட்டா பிள்ளைக்கு உதடு பிளந்துடும்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிடுச்சு. "ஆயா, ராகுவும் இல்லை, பாம்பும் இல்லை. நிலா நடுவுல வருது, அவ்வளவுதான். நீ அவளை இருட்டுல போட்டு அடைச்சு வெச்சிருக்கே!" அப்படின்னு கத்தினேன். ஆயா ஒண்ணும் பேசலை. அக்கா, "வேணாம்டா, விடு" அப்படின்னா. நான் விடலை. கையைப் பிடிச்சு வாசலுக்குக் கூட்டிட்டு வந்து கண்ணாடியை மாட்டிவிட்டேன். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம் இருக்கும். கடிச்ச பிஸ்கட் மாதிரி சூரியன். "அழகா இருக்குடா" அப்படின்னா. அப்புறம் உள்ள போயிட்டா. நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சு அன்னிக்கு சாயங்காலம் பேஸ்புக்ல ஒரு பதிவும் போட்டேன். 214 லைக்.

குழந்தை 2020 ஏப்ரல்ல பிறந்துச்சு. ஊரடங்கு. நான் சென்னையில மாட்டிக்கிட்டேன், வீடியோ கால்லதான் முகத்தையே பார்த்தேன். பொண்ணு. ஆரோக்கியமா, கரகரன்னு அழுதுக்கிட்டு, ரெண்டு கால் உதைச்சுக்கிட்டு. ஒரு குறையும் இல்லை. பார்த்தியா நான் சொன்னேன்லன்னு நினைச்சுக்கிட்டேன்.

அக்கா அதை என்கிட்ட சொன்னது அதுக்கு ஒரு வருஷம் கழிச்சு. பேச்சுவாக்குல, துணி மடிச்சுக்கிட்டே சொன்னா. "பொறந்ததும் என்ன குழந்தைன்னு கூட நான் கேக்கலைடா. நர்ஸ் கையில இருக்கும்போதே உதட்டைத்தான் பார்த்தேன்." அன்னிக்கு வாசலுக்கு வந்ததிலிருந்து பிரசவம் ஆகிற வரைக்கும் அவ ராத்திரியில சரியாத் தூங்கலை. ஸ்கேன் எடுக்கப் போனப்போ டாக்டர்கிட்ட மூணு தடவை கேட்டிருக்கா. என்கிட்ட சொல்லலை. நான் கிண்டல் பண்ணுவேன்னு. ஆயாகிட்டயும் சொல்லலை. அவங்க பயந்துடுவாங்கன்னு.

கிட்டத்தட்ட நாலு மாசம். ரெண்டு நிமிஷம் சூரியனைக் காட்டினதுக்கு.

இதுல ஒண்ணு சொல்லணும். குழந்தையோட மேல் உதடு கர்ப்பத்தோட நாலாவது வாரத்துலிருந்து ஏழாவது வாரத்துக்குள்ள உருவாகிடும். அண்ணம் ஒன்பதாவது வாரத்துக்குள்ள சேர்ந்துடும். ஆறாம் மாசத்துல எந்த கிரகணம் வந்தாலும் உதட்டைப் பிளக்கிறதுக்கு அங்க வேலையே பாக்கி இல்லை. இந்த ஒரு விஷயம் அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சிருந்து, அக்கா பக்கத்துல உட்கார்ந்து சொல்லியிருந்தா அவ தூங்கியிருப்பா. எனக்குத் தெரியாது. நான் அறிவியல் பேசினேன்னு நினைச்சேன், ஆனா கையில இருந்த அறிவியல் 'ராகு இல்லை' அப்படிங்கிற ஒரு வாக்கியம்தான். அவளோட பயம் ராகுவைப் பத்தினது இல்லையே, பிள்ளையைப் பத்தினது.

அன்னிக்கு ராத்திரி நான் ஆர்தர் சி. கிளார்க்கைத் திருப்பி எடுத்தேன். ஏன் அவர்னா, கல்லூரியில படிக்கும்போது என் சுத்தியலுக்கு இரும்பு கொடுத்தவர் அவர்தான். 2008 மார்ச் 19 கொழும்புல இறந்தார். சுஜாதா இறந்து மூணு வாரம் கழிச்சு. தன் இறுதிச் சடங்குல எந்த மதத்தோட சடங்கும் துளிகூட இருக்கக் கூடாதுன்னு எழுதி வெச்சுட்டுப் போனவர். அப்பேர்ப்பட்ட ஆள் எழுதின கதைகளைத் திருப்பிப் படிச்சா, ஒரே ஆச்சரியம். பக்கத்துக்குப் பக்கம் சாமியார்களும் மடங்களும்தான்.

'கடவுளின் தொள்ளாயிரம் கோடி பெயர்கள்' அப்படின்னு தமிழ்ல சொல்லலாம், 1953ல வந்த சின்னக் கதை. திபெத்துல ஒரு மடம். கடவுளோட எல்லாப் பெயரையும் எழுதி முடிச்சிட்டா உலகத்தோட வேலை முடிஞ்சுடும்னு நம்பறாங்க. கையால எழுதினா பதினைஞ்சாயிரம் வருஷம் ஆகும். அதனால கம்ப்யூட்டர் ஒண்ணை வாடகைக்கு எடுக்கறாங்க, நூறு நாள்ல முடிச்சிடலாம்னு. அதை ஓட்டப்போற ரெண்டு என்ஜினியருக்கும் இதெல்லாம் பைத்தியக்காரத்தனம். முடிவைச் சொல்ல மாட்டேன், இருபது நிமிஷத்துல படிச்சிடலாம். முதல் தடவை படிச்சப்போ நான் என்ஜினியர் பக்கம் நின்னு சிரிச்சேன். இந்தத் தடவை வேற ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அந்தக் கம்ப்யூட்டருக்குத் தான் எழுதறது என்னன்னே தெரியாது. கணக்கு நடக்குது, நம்பிக்கை வேற எங்கேயோ இருக்கு.

இதைப் பத்தி ஒரு நண்பர்கிட்ட பேசிக்கிட்டு இருந்தப்போ அவர் கேட்டார், "உங்க ஊர்லயே அப்படி ஒரு கம்ப்யூட்டர் இருந்துச்சே, தெரியுமா?" தெரியாது. தேடிப் படிச்சேன். நிஜமாவே இருந்துச்சு, ஆனா அது மனுஷன்.

1825. ஜான் வாரன்கிற ஒரு ஐரோப்பியர் தென்னிந்தியர்கள் காலத்தை எப்படிக் கணக்கிடறாங்கன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கார். புதுச்சேரியில இருந்த ஒரு பஞ்சாங்கக்காரரைப் பிடிக்கறார். அந்தப் பெரியவர் தரையில சோழிகளைப் பரப்பி உட்கார்ந்துக்கறார். எழுதறதுக்கு ஓலையும் இல்லை, காகிதமும் இல்லை. அட்டவணை மொத்தமும் வாக்கியங்களா, மனப்பாடமா மண்டைக்குள்ள இருக்கு. அதை வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே சோழியை நகர்த்தி நகர்த்தி, மே 31 ராத்திரி வரப்போற சந்திர கிரகணத்தைச் சொல்லிட்டார். கிரகணம் ஆரம்பிக்கிற நேரத்துல தப்பு 4 நிமிஷம்தான். நடு நேரத்துல 23, முடியற நேரத்துல 52. கடைசிக்குக் கடைசி கொஞ்சம் சறுக்கிடுச்சு, சரிதான். ஆனா சோழி! வாரன் இன்னொண்ணும் எழுதி வெச்சிருக்கார்: இந்தக் கணக்குக்குப் பின்னாடி இருக்கிற வானியல் தத்துவம் அந்த ஆளுக்கு ஒரு துளிகூடத் தெரியாது.

இன்னிக்கு நம்ம போன்ல இருக்கிற ஏ.ஐ. மாதிரி இல்லை? பதில் சரியா வருது, ஏன்னு கேட்டா அதுக்கே தெரியாது. ஆட்டோ நாய்கெபாவர்ங்கிற அறிவியல் வரலாற்றாசிரியர் 20ஆம் நூற்றாண்டுல இந்தக் குறிப்பை எடுத்து வெச்சுக்கிட்டு அசந்து போறார். இந்தக் கணக்குமுறையோட வேரைத் தேடிப்போனா ரோமானியக் காலம் தாண்டிப் பழைய பாபிலோன் வரைக்கும் போகுதுங்கிறார். அத்தனை தூரம், அத்தனை வருஷம் வந்து நின்ன இடம் புதுச்சேரியில ஒரு திண்ணை.

அதுக்கும் முன்னாடி, இன்னொரு ஆள். இதைச் சொல்லாம போக மனசு வரலை. லெ ஜென்டில்னு ஒரு பிரெஞ்சு வானியலாளர். 1761ல வெள்ளி கோள் சூரியனுக்குக் குறுக்கே போறதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்கணும்னு கப்பல் ஏறினார். வர்றதுக்குள்ள ஊரை இங்கிலீஷ்காரன் பிடிச்சுட்டான். ஆடற கப்பல்லிருந்து அளவு எடுக்க முடியலை. சரி, அடுத்தது 1769லதானேன்னு எட்டு வருஷம் இந்தப் பக்கமே காத்துக் கிடந்தார். புதுச்சேரி திரும்ப பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்துடுச்சு, வந்து ஆய்வுக்கூடமே கட்டினார். 1769 ஜூன் 4 காலையில, சரியா அந்த நேரத்துல, மேகம். அதை யாராவது கதையா எழுதியிருந்தா 'ரொம்ப நாடகத்தனமா இருக்கு'ன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. வீட்டுக்குப் போனா, செத்துட்டார்னு சொத்தைப் பிரிச்சுக்கிட்டு இருந்தாங்க சொந்தக்காரங்க.

காத்திருந்த காலத்துல அவர் சும்மா இல்லை. தமிழர் ஒருத்தர்கிட்ட கிரகணக் கணக்கு கத்துக்கிட்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிச்சுதுன்னு ரெண்டு விதமாவும் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஐரோப்பாவுல டோபியாஸ் மேயர் போட்ட புது அட்டவணைப்படி 68 விநாடி கூடுதலா வந்துச்சு. தமிழ் முறையில 41 விநாடி குறைச்சலா வந்துச்சு. நெருக்கமா வந்தது எதுன்னு நீங்களே பார்த்துக்கோங்க.

இப்ப உங்கள்ல சில பேர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீங்க, 'பார்த்தீங்களா, நம்ம முன்னோர்கள் அப்பவே...' அப்படின்னு. கொஞ்சம் பொறுங்க. நான் அங்க போகலை. 41 விநாடிங்கிறது கணக்கோட பெருமை. கிரகணம் உதட்டைப் பிளக்கும்ங்கிறதுக்கு அது சாட்சி கிடையாது. இந்த ரெண்டையும் ஒண்ணாக் கட்டி வாட்ஸப்ல அனுப்பறதுக்குப் பேர் நம்பிக்கையும் இல்லை, அறிவியலும் இல்லை.

ஆனா எனக்கு வயித்துல அடிச்சது இதுதான்: அந்தக் கணக்குல ராகு இருக்கு. நிலா போற பாதையும் சூரியன் போற பாதையும் ஒண்ணையொண்ணு வெட்டற இடம் ரெண்டு. ஒண்ணுக்குப் பேர் ராகு, இன்னொண்ணுக்குக் கேது. பஞ்சாங்கக்காரர் கிரகணம் சொல்லணும்னா முதல்ல ராகு எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சாகணும். நான் வாசல்ல நின்னுக்கிட்டு 'ராகு இல்லை'ன்னு கத்தினேனே, அன்னிக்கு என் தலைக்கு மேல சூரியன் நின்னது அந்த வெட்டுப் புள்ளிகள்ல ஒண்ணுக்குப் பக்கத்துலதான். அங்க நிக்கலைன்னா கிரகணமே கிடையாது. பாம்பு கிடையாது. புள்ளி உண்டு. ஒரே சொல் ரெண்டு வேலை பார்த்துக்கிட்டு இருந்திருக்கு, நான் ஒண்ணை மட்டும் கேட்டுட்டு இன்னொண்ணையும் சேர்த்து உடைச்சேன்.

திரும்ப கிளார்க். 1979ல அவர் ஒரு நாவல் எழுதினார், பூமியிலிருந்து விண்வெளிக்கு லிப்ட் கட்டற கதை. அதைக் கட்டறதுக்கு ஏத்த மலை இலங்கையில இருக்கு, சிவனொளிபாத மலையை மனசுல வெச்சு எழுதினது. சைவர், பௌத்தர், முஸ்லிம், கிறிஸ்தவர் நாலு பேரும் அதே உச்சியில இருக்கிற பாதத்தைத் தங்களோடதுன்னு சொல்ற மலை அது. லிப்ட் நிலநடுக்கோட்டுல இருக்கணும்ங்கிறதால கதைக்காக இலங்கையையே தெற்கே 800 கிலோமீட்டர் தள்ளி வெச்சார், அந்தத் தைரியத்தைப் பாருங்க. மலை உச்சியில ஒரு மடம். பிட்சுகள் போக மாட்டேங்கறாங்க. உலகத்துலயே பெரிய என்ஜினியர் வந்து பேசறார், அசையலை. கடைசியில எப்படிப் போறாங்க தெரியுமா? வண்ணத்துப்பூச்சிகள் என்னிக்கு உச்சியைத் தொடுதோ அன்னிக்கு மடம் காலியாகும்னு பழைய ஐதீகம் ஒண்ணு. ஒரு நாள் புயல்காத்து பூச்சிகளை அள்ளிக்கிட்டுப் போய் உச்சியில போட்டுடுது. மூட்டையைக் கட்டிக்கிட்டு இறங்கிடறாங்க. என்ஜினியரோட வாதம் ஜெயிக்கலை. அவங்க கதையே அவங்களை இறக்குச்சு.

நாத்திகர் எழுதின நாவல் இது. அவர் அந்தப் பிட்சுகளை ஒரு இடத்துலயும் முட்டாளாக் காட்டலை. 'இவங்க நம்பறதை உண்மைன்னு வச்சுக்குவோம், அப்ப இவங்க எப்படி நடந்துக்குவாங்க?' அப்படின்னு கேட்டுட்டு, நேர்மையா அதோட கடைசி வரைக்கும் போறார். அறிவியல் புனைகதையில எனக்குப் பிடிச்ச பழக்கமே இந்த 'வச்சுக்குவோம்'தான். ஈர்ப்புவிசை பாதியா இருக்குன்னு வச்சுக்குவோம். ரோபோவுக்கு அழுகை வருதுன்னு வச்சுக்குவோம். எந்தக் கிரகத்துக்கு வேணும்னாலும் 'வச்சுக்குவோம்' சொல்லிட்டுப் போயிட்டு வந்தவன் நான். எங்க வீட்டு உள்ரூமுக்கு மட்டும் போனதில்லை.

வச்சுக்குவோம். வெளிச்சம் பட்டா பிள்ளைக்கு ஆபத்துங்கிற உலகத்துல ஒரு எழுபத்தஞ்சு வயசு அம்மா இருக்காங்க. அந்த உலகத்துல அவங்க என்ன செய்வாங்க? ஜன்னலைச் சாத்துவாங்க. கூடவே உள்ள உட்காருவாங்க. மூணு மணி நேரம் தானும் தண்ணி குடிக்காம இருப்பாங்க. ஆயா அதைத்தான் செஞ்சாங்க. அந்த இருட்டுல அக்கா தனியா இல்லை. வெளிச்சத்துக்குக் கூட்டிட்டு வந்தவன்தான் அவளைத் தனியா விட்டான்.

கிளார்க் வாழ்க்கையிலயே ஒரு விஷயம் இருக்கு, தமிழர்களான நமக்கு நெருக்கமானது. அவரும் மைக் வில்சன்னு ஒரு நண்பரும் 1956ல திருகோணமலையில கடலுக்குள்ள முக்குளிச்சாங்க. சுவாமி மலைக்குக் கீழ. அங்க கடலடியில தூண்கள், செதுக்கின கற்கள். 1620கள்ல போர்த்துக்கீசியர் இடிச்சுத் தள்ளின கோணேஸ்வரம் கோயிலோட மிச்சம். வில்சன் எடுத்துக் கொடுத்த லிங்கம் திரும்பக் கோயிலுக்கே போச்சு. கிளார்க் இதைப் புத்தகமாவும் எழுதினார். ரெண்டு பேரும் ஒரே தண்ணிக்குள்ள, ஒரே கல்லைத்தான் பார்த்தாங்க. வில்சன் அப்புறம் சினிமா எடுத்தார், பிறகு எல்லாத்தையும் விட்டுட்டு சுவாமி சிவ கல்கின்னு துறவி ஆயிட்டார். கிளார்க் கடைசி வரைக்கும் கிளார்க்காவே இருந்தார். இதுல யார் சரின்னு கேட்காதீங்க. அந்தக் கல் ரெண்டு பேர்ல யாரையும் எதிர்த்து ஒண்ணும் சொல்லலை.

சரி, என் பதில். சாமி இருக்கார்னு எனக்குத் தோணலை. ராகு பாம்புன்னும் தோணலை. மாசமா இருக்கிற பொண்ணுக்கு மூணு மணி நேரம் தண்ணி கொடுக்காம வெக்கறது தப்பு, அதை ஆயாகிட்டயே சொல்லுவேன், சொல்லியும் இருக்கேன். ஆனா சொல்ற விதம் மாறிடுச்சு. ஆயா அப்ப ஒரு சமரசத்துக்கு வந்தாங்க: வெந்நீர்ல துளசி போட்டுக் குடிச்சா தோஷம் இல்லையாம். தண்ணி தண்ணிதானே, நான் வாயைத் திறக்கலை.

2025 செப்டம்பர் 7, ஞாயித்துக்கிழமை ராத்திரி, முழு சந்திர கிரகணம். பத்து மணிக்கு ஆரம்பிச்சு பதினோரு மணிக்கு நிலா செக்கச்செவேல்னு ஆச்சு. மேகம் வந்து வந்து போச்சு, நான் லெ ஜென்டிலை நினைச்சுக்கிட்டேன். அக்கா பொண்ணுக்கு அஞ்சு வயசு. மாடியில என் மடியில தூக்கத்துல ஆடிக்கிட்டு உட்கார்ந்திருந்தா. பந்தையும் டார்ச்சையும் வெச்சு நான் நிழல் காட்டினேன், பார்த்தா. அப்புறம் தடதடன்னு கீழ இறங்கி ஓடினா. நானும் பின்னாடியே போனேன். ஆயா விளக்கேத்தி வெச்சுட்டு உட்கார்ந்திருந்தாங்க. அவங்க இவளுக்கு ஏற்கெனவே ராகு கதை சொல்லியிருந்திருக்காங்க போல.

"ஆயா, ராகு நிலாவை முழுங்கிடுச்சுன்னா அது வயித்துக்குத்தானே போகும்? அப்புறம் எப்படி வெளிய வருது?"

ஆயா ஒரு நொடிகூட யோசிக்கலை. "அவனுக்கு ஏதுடி வயிறு? வெறும் தலைதானே. முழுங்கினா கழுத்து வழியா வெளிய வந்துடும்."

குழந்தை கொஞ்ச நேரம் யோசிச்சா. "அப்ப அவனுக்கு எப்பவும் பசியாவே இருக்குமா?"

"இருக்கும்தான். அதான் திரும்பத் திரும்ப வர்றான்."

நான் கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன். எழுபது வருஷமா எங்க ஆயா ஓட்டைக்கு ஓட்டை அடைச்சு வெச்சிருக்கிற ஒரு உலகத்துக்குள்ள ஒரு அஞ்சு வயசு வாசகி நுழைஞ்சு கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கா, பதிலும் வந்துக்கிட்டு இருக்கு. அக்கா என்னைப் பார்த்து, வாயை மூடிக்கிட்டு இருன்னு கண்ணைக் காட்டினா. மூடிக்கிட்டுத்தான் இருந்தேன்.

அடுத்த வளையச் சூரிய கிரகணம் நம்ம பக்கம் வர்றது 2031 மே 21. கேரளா வழியா வந்து தமிழ்நாட்டுக்குக் குறுக்கே போகுது, மதுரைக்காரங்களுக்கு யோகம். எங்களுக்கு இந்தத் தடவையும் பகுதிதான். சரியா மத்தியானம், சாப்பாட்டு நேரம். ஆயாகிட்ட சொன்னேன். "அப்ப பதினோரு மணிக்குள்ள சோறு ஆக்கிடணும்" அப்படின்னாங்க. குழந்தைக்கு அப்ப பதினோரு வயசு. மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன். ஆயாவும் வரணும்னு அவ சொல்றா. உள்ள உட்கார்ந்துக்கட்டும், நான் அப்பப்ப வந்து எப்படி இருக்குன்னு சொல்றேன்னு.